சுழி பார்த்தாச்சு... நாடி பார்த்தீங்களா? தஞ்சை மண்ணின் குதிரைப் பாதையில் ஒரு பயணம்

காணும் பொங்கல் அன்றைக்குத் திருக்கடையூர்ப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அபிராமி கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர்களின் வேன்கள் ஒருபுறம் நிற்க, சாலையின் இரண்டு ஓரத்திலும் ரேக்ளா பார்க்க ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே மாட்டு வண்டிகள் மட்டுமல்ல, குதிரை வண்டிகளும் ஓடும். கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரிவு பிரிவாகக் கிளம்பி, எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்.

ஜெயித்த வண்டியைச் சுற்றி விசில் பறக்கும். சாரதியைத் தோளில் தூக்குவார்கள். செல்போன்கள் எல்லாம் அவர் முகத்தின் மேல்தான் இருக்கும். ஓடி வந்த குதிரையை யாராவது ஒரு பையன் கயிற்றைப் பிடித்து மர நிழலுக்குக் கூட்டிப் போவான்.

“என்ன அண்ணே, இப்படி மூச்சு வாங்குது?”

“ஓடுன குதிரைன்னா மூச்சு வாங்கத்தான் தம்பி செய்யும். செத்த நேரத்துல சரியாயிடும்.”

பந்தயத் திடலில் எப்போதும் காதில் விழுகிற பேச்சு இது. பதில் தப்பில்லை. ஆனால், அந்த ‘செத்த நேரம்’ எத்தனை நிமிஷம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பத்து நிமிஷத்தில் துடிப்பு இறங்கிவிட்டால் அது தயாரான குதிரை. அரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை என்றால், அது ஜெயித்திருந்தாலும் தயாராகாத குதிரை. அடுத்த திருவிழாவுக்கு அதை ஓட்டிப் போனால் திரும்பி வருமா என்பது சந்தேகம்தான்.

வெளிநாடுகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் குதிரைகளை இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பழக்குகிறார்கள். தஞ்சாவூரில் தொடங்கி கோடியக்கரை வரை போகும் குதிரைப் பாதையில் இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம்.

அரண்மனையில் ஒரு குதிரை நூல்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போகிறவர்கள் ராமாயண ஓவியங்களையும் ஓலைச்சுவடிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே நூலகம் 1952-ல் ‘அசுவ சாஸ்திரம்’ என்ற நூலைப் படங்களோடு அச்சிட்டிருக்கிறது. நகுலன் பெயரில் வழங்கும் நூல் அது. பஞ்ச பாண்டவர்களில் நகுலனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், விராட பர்வத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமறைவாக இருந்த அந்த ஒரு வருஷம் விராட ராஜாவின் லாயத்தில் குதிரை பராமரித்தவன் அவன்தான்.

குதிரையின் நிறம், நடை, வயது, தீனி, நோய் என்று இந்த வகை நூல்கள் பல விஷயங்களைப் பேசும். ஆனால், நம் ஊரில் பரவலாக நிலைத்து நிற்பது ஒன்றுதான்... சுழி! நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், வயிற்றில் இருந்தால் ஆகுமா ஆகாதா? ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பவர்களில் பலர் முதலில் தேடுவது சுழியைத்தான். லட்சக்கணக்கில் பணம் கைமாறும் இடத்தில் ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், சுழி பிறக்கும்போது இருந்தபடியே சாகும்வரை இருக்கும். குதிரையின் தெம்பு வாரத்துக்கு வாரம் மாறும். மாறுகிற ஒன்றை மாறாத ஒன்றை வைத்து அளக்க முடியாது.

இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) மருத்துவத்தில் பித்துக்கொண்டவர். அவர் வைத்திருந்த தன்வந்திரி மகாலில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கும் மருந்து தயாரானது. மராட்டியர்கள் இங்கே வந்ததே குதிரை மேல்தான். தஞ்சாவூரின் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் இன்றைக்கும் அந்த ராஜா ராணிச் சவாரியைப் பார்க்கலாம். கட்டைக்காலில் நின்றபடி, இடுப்பில் குதிரைக் கூட்டைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுபவரின் இதயம் எவ்வளவு துடிக்கும் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா, தெரியாது.

இடது முழங்கைக்குப் பின்னால்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஒரத்தநாடு. சரபோஜி காலத்து முத்தம்மாள் சத்திரம் இருக்கும் ஊர். 2012-ல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதும் இங்கேதான். டெல்டாவில் கால்நடை என்றால் உம்பளாச்சேரி மாடும் ஆடும்தான் முதலில் நினைவுக்கு வரும். குதிரை வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனாலேயே அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிற வழக்கம் அதிகம்.

முதலில் நாடி பார்ப்பது எப்படி? இது வைத்தீஸ்வரன்கோயிலில் கட்டைவிரல் ரேகை கொடுத்துப் பார்க்கிற நாடி அல்ல. குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் உள்ஓரத்தில் விரலை வைத்துத் தடவினால் பென்சில் கனத்தில் ஒரு ரத்தக்குழாய் உருளும். அதை லேசாக அழுத்தினால் துடிப்பு தெரியும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதில் நம் துடிப்பே குழப்பும். இன்னும் சுலபமான வழி ஸ்டெதாஸ்கோப். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். இடது முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் ‘லப்-டப்’ என்று கேட்கும். இரண்டு சத்தமும் சேர்ந்ததுதான் ஒரு துடிப்பு. புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டாக எண்ணிவிட்டுப் பதறிப் போவார்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். 9 வந்தால் 36.

நிம்மதியாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். நம்மில் பாதிதான். ஆனால், முழு வேகத்தில் ஓடும்போது 220, 240 வரை போகும். மனித இதயத்தால் இப்படி ஆறு, ஏழு மடங்கு ஏற முடியாது. குதிரையின் இதயம் அதன் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 400 கிலோ குதிரை என்றால் சுமார் 4 கிலோ. இது போதாதென்று மண்ணீரலில் வேறு சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருக்கும். ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி, அவற்றை ரத்தத்தில் கொட்டும். ஓடுவதற்கென்றே படைக்கப்பட்ட உடம்பு.

நின்று நிதானமாக இருக்கும்போதே 60-க்கு மேல் காட்டினால், அது பெரும்பாலும் வலி. வயிற்றுவலியாக இருக்கலாம், காலில் அடியாக இருக்கலாம். அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம், டாக்டருக்கு போன் போடுங்கள். வைக்கோலையும் தவிட்டையும் மட்டுமே நம்பி வளர்க்கும் லாயங்களில் வயிற்றுவலி அடிக்கடி எட்டிப் பார்க்கும். நெல் விளையும் ஊரில் தவிடு மலிவு என்பதற்காக அதையே கொட்டினால், சுண்ணாம்புச்சத்துக் குறைந்து எலும்பும் கெடும்.

சரி, ஓடும்போது எப்படி எண்ணுவது? அதற்குத்தான் இதயத்துடிப்பு மானிட்டர். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் விளையாட்டு வீரர்களுக்காகக் கம்பி இல்லாத மானிட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வித்தை பிறகு குதிரைக்கும் வந்தது. இரண்டு மின்முனைகள். ஒன்று சேணத்துக்குக் கீழே முதுகை ஒட்டி, இன்னொன்று வயிற்று வாரில் இடது முழங்கைக்குப் பின்னால். ரோமத்தைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு மாட்ட வேண்டும். காய்ந்த ரோமத்தில் மாட்டினால் கடிகாரத்தில் வரும் எண் கண்டபடி குதிக்கும். குதிரை வேர்த்த பிறகு அதுவே சரியாகிவிடும்.

புது ஆற்றங்கரை ஒரு அளவுகோல்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டப் பயிற்சி செய்கிற மனிதர்களுக்கு, ஓய்வில் இருக்கும்போது துடிப்பு குறைந்துகொண்டே வரும். “எனக்கு இப்ப ஐம்பதுதான் காட்டுது” என்று மாரத்தான் ஓடுபவர்கள் பெருமைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். குதிரைக்கு அப்படி இல்லை. பயிற்சியால் அதன் ஓய்வுத் துடிப்பு பெரிதாக மாறுவதில்லை. காலையில் லாயத்தில் எண்ணி, “அப்படியேதானே இருக்கு” என்று சோர்ந்து போக வேண்டாம். மாறுவது இரண்டு. ஒன்று, அதே வேகத்தில் ஓடும்போது வரும் துடிப்பு. இன்னொன்று, நின்ற பிறகு அது இறங்கும் வேகம்.

இந்த இரண்டையும் அளக்க டெல்டாவைவிட வசதியான ஊர் கிடையாது. காரணம், இங்கே மேடே இல்லை! மலைப்பாங்கான இடத்தில் ஒருநாள் துடிப்பு கூடினால் அது ஏற்றத்தாலா, களைப்பாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934-ல் தண்ணீர் பார்த்த கல்லணைக் கால்வாயை, தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் ‘புது ஆறு’ என்றுதான் சொல்கிறார்கள். அதுபோன்ற ஒரு கால்வாய்க் கரையில், வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளலாம். மதகிலிருந்து மதகு வரை என்று வைத்துக்கொண்டாலும் சரி. வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே வண்டி, அதே ஆள், அதே நான்கு நிமிஷத்தில் அந்தத் தூரத்தைத் துள்ளுநடையில் கடக்க வேண்டும். முதல் வாரம் 135 காட்டிய குதிரை ஆறாவது வாரம் 118 காட்டினால், தீனியும் பயிற்சியும் சரியாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். (எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒவ்வொரு குதிரைக்கும் கணக்கு வேறு.) குறைந்துகொண்டே வந்த எண் திடீரென்று 130-க்கு ஏறினால் உடம்பில் ஏதோ கோளாறு. காய்ச்சல், நொண்டல், வேலை மிகுதி... மூன்றில் ஒன்று. குதிரை நொண்டுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எண் சொல்லிவிடுவது உண்டு.

பயிற்சியின் பெரும்பகுதி 150-க்குக் கீழேயே இருக்க வேண்டும் என்பது நெடுந்தூரக் குதிரைக்காரர்களின் கணக்கு. சுமார் அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் தசைக்கு வேண்டிய பிராணவாயு போதாமல், லாக்டிக் அமிலம் சேரத் தொடங்குகிறது. சாட்டையை எடுத்து தினமும் 200-க்கு விரட்டுவது பயிற்சி அல்ல, தினமும் ஒரு பந்தயம்.

அதே நேரம் எண்ணை முழுசாக நம்பிவிடவும் கூடாது. இதயமும் நுரையீரலும் சில மாதங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் கெட்டிப்படப் பல மாதங்கள், சில சமயம் வருஷம் ஆகும். மானிட்டர் “இன்னும் ஓடலாம்” என்று சொல்லும்போது முழங்கால் “போதும்” என்று சொல்லிக்கொண்டிருக்கும். பந்தயம் தார்ச் சாலையில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லாடம் அடித்த குளம்பு அந்தச் சாலையில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் காலுக்குத்தான் போகிறது. கால்வாய்க் கரை மண்தான் பயிற்சிக்கு நல்லது.

காணும் பொங்கல் பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்னால் பயிற்சியைத் தொடங்கினால், ஐப்பசி அடைமழையில் போய் நிற்கும். கரையெல்லாம் சேறு. இங்கேதான் பலர் குதிரையை லாயத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு, மார்கழி பாதியில் அவசர அவசரமாக விரட்டத் தொடங்குகிறார்கள். ஆவணியிலேயே ஆரம்பித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

64 என்றொரு வாசல்

பக்கத்து மாநிலத்தில், மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் என்ற பெண் 2023-ல் பிரான்சின் காஸ்டெல்சாக்ரா என்ற ஊரில் நடந்த இளையோர் உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில், ‘எப்சிலான் சாலோ’ என்ற குதிரையில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிஷத்தில் முடித்தார். செய்திகளில் தூரமும் நேரமும் வந்தன. அந்தப் போட்டியின் உயிர்நாடி வேறு. பாதையைச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையை மருத்துவர் முன் நிறுத்துவார்கள். குறித்த நிமிஷங்களுக்குள் துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா? முதல் ஆளாக வந்திருந்தாலும் வெளியேற்றம்தான். அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய 100 மைல் டெவிஸ் கோப்பைப் பந்தயத்திலிருந்து இன்றைய உலகப் போட்டிகள் வரை, மருத்துவர் கையில் இருக்கிறது கடைசித் தீர்ப்பு.

கெர்ரி ரிட்ஜ்வே என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கு ஒரு எளிய சோதனையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். துடிப்பை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு குதிரையைக் கயிற்றோடு 125 அடி ஓட்டிப் போய், 125 அடி ஓட்டி வாருங்கள். ஓடத் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிஷத்தில் மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது எண் முதல் எண் அளவே இருந்தால், அல்லது குறைந்தால், குதிரையிடம் இன்னும் தெம்பு இருக்கிறது. நான்குக்கு மேல் கூடினால் உஷாராக வேண்டும். மானிட்டர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கோயில் வாசலில்கூடச் செய்யலாம்.

நம் பந்தயங்களில் இப்படி ஒரு வாசல் வந்தால் என்ன? சாட்டையடிக்கும் அளவுக்கு மீறிய ஓட்டத்துக்கும் 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கவே இருக்கிறது. ஆனால், சட்டம் வருவது குதிரை விழுந்த பிறகு. 64 என்ற எண் விழுவதற்கு முன்னால் வரும். ‘பரிசு வாங்குமுன் பத்து நிமிஷம் காத்திரு’ என்று ஒரு விழாக் கமிட்டி விதி போட்டாலே, சாரதிகள் கடைசி மைலில் சாட்டையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள்.

காற்றே இல்லாத சூடு

திருக்கடையூரிலிருந்து வடக்கே போனால் பூம்புகார். கடல் வழியே வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிற ஊர். அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கியும், தமிழ்நாட்டில் அவை ஏன் நிலைக்கவில்லை என்று 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார். சோற்றையும் சமைத்த இறைச்சியையும் குதிரைக்குக் கொடுக்கிறார்களே, அதனால்தான் சாகின்றன என்பது அவர் சொன்ன காரணம். தீனி ஒரு காரணமாக இருக்கலாம். இங்கத்திய காற்றின் ஈரப்பதமும் லேசுப்பட்டதல்ல.

குதிரை வேர்வையால்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. சூட்டில் கடுமையாக ஓடும்போது மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வேர்க்கும். அதோடு உப்பும் போகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு ஆறாது. குதிரைக்காரர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்ட வேண்டும். 130-க்குக் கீழே கவலை இல்லை, 150-க்கு மேல் கவனம், 180-ஐத் தொட்டால் ஓட்டவே கூடாது. சித்திரையில் 34 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 என்று வைத்துக்கொண்டால் 168 வருகிறது. தை மாதக் காலையில் நமக்குக் குளிராக இருக்கும்போதே, 25 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் 157! “குளிர்காலம்தானே” என்று யாரும் அசட்டையாக இருக்க முடியாது.

ஓடி முடித்த சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குதிரைக்கு நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம் இங்கே உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு முன்பு, அந்த ஊரின் புழுக்கத்துக்காகவே குதிரைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்கத் திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் மிக வேகமாகச் சூட்டைத் தணிக்கிறது, கெடுதல் எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஊற்றிக்கொண்டே எண்ணுங்கள், துடிப்பு இறங்குவது தெரியும். வாய்க்காலும் போர்செட்டும் இருக்கும் ஊரில் இதற்குப் பஞ்சம் இல்லை.

கோடியக்கரையில் மாலை

திருக்கடையூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி தாண்டி வேதாரண்யம் வந்தால், அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டரில் டெல்டாவின் கடைசி முனை. 1967-ல் சரணாலயமான கோடியக்கரைக்கு வெளிமானையும் பறவைகளையும் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அங்கே குதிரைகளும் உண்டு. சேணம், லாடம், கடிவாளம் எதுவும் இல்லாத மட்டக் குதிரைகள். காட்டில் திரிகின்றன, புல் மேய்கின்றன, குட்டி போடுகின்றன.

வெயில் சாய்ந்த பிறகு புல்வெளி ஓரமாக நின்றால் கூட்டத்தைப் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீர்கள். காதை முன்னால் நிமிர்த்தி, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரு அடிகூட ஓடாமல், வெறும் பயத்திலேயே குதிரையின் துடிப்பு நூறைத் தாண்டிவிடும். நீங்கள் நகர்ந்து போன கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் தலையைக் குனிந்து மேய ஆரம்பிக்கும்.